முடிதுறந்த பத்திரமும் ஒரு வாக்குமூலமும்: பிளாத்தோனவ் வழக்கை எப்படி வாசிப்பது

கேள்வி இதுதான்: "1929இல் லெனின்கிராடில் அறிவியல் அகாதமியின் நூலகத்தில், ஜார் இரண்டாம் நிக்கலாய் முடிதுறந்த பத்திரத்தின் மூலமே அகப்பட்டது. அதை ஒளித்து வைத்திருந்த வரலாற்றாசிரியர் செர்கேய் பிளாத்தோனவ் கைதானார். சதி செய்ததாகத் தன் கையாலேயே எழுதியும் கொடுத்தார். அப்புறம் ஏன் அதைப் பொய் வழக்கு என்கிறார்கள்?"

இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தக் காகிதம் அங்கே இருந்ததா? இருந்தது என்றால் அதை "ஒளித்தது" என்று சொல்லலாமா? ஆட்சியைக் கவிழ்க்கும் சதி ஒன்று நடந்ததா? முதல் கேள்விக்கு ஆம், மூன்றாவதற்கு இல்லை என்று தயங்காமல் சொல்லிவிடலாம். நடுவில் இருப்பதுதான் சிக்கல். 1917க்குப் பிறகு ரஷ்யாவில் பழைய அரசாங்கக் காகிதங்கள் யார் கையில் இருந்தன, எந்த விதிப்படி இருந்தன என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. காவலில் இருந்தவர் எழுதிய தாளை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்ற சந்தேகமும் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

1917 பிப்ரவரிப் புரட்சியின்போது பெத்ரோகிராடில் (லெனின்கிராடின் அன்றைய பெயர்) மக்கள் முதலில் பாய்ந்த இடங்களில் போலீஸ் அலுவலகங்களும் நீதிமன்றமும் அடக்கம். ஃபந்தான்கா ஆற்றங்கரை 16ஆம் எண் கட்டடத்தில் இருந்த போலீஸ் துறையின் கோப்புகள் சூறையாடப்பட்டன, தெருவில் வீசப்பட்டன, ஒரு பகுதி எரிந்தது. உளவாளிகளின் பெயர்கள் அவற்றில் இருந்ததால், எரிக்க விரும்பியவர்களில் ஆத்திரம் கொண்ட கூட்டம் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். மிஞ்சியதை வாரியெடுத்துக் காப்பாற்றும் வேலையில் இறங்கியது அறிவியல் அகாதமி. அதன் இலக்கிய ஆவண நிலையமான புஷ்கின் இல்லத்தின் இயக்குநர் நெஸ்தர் கோத்லியாரெவ்ஸ்கி இதில் முன்னின்றார். போலீஸ் ஆவணங்களில் ஒரு பகுதி அகாதமியின் கூரைக்குள் வந்த கதை இது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் அங்கே போலீஸ் கோப்புகளைக் "கண்டுபிடித்தார்கள்" என்று வாசிக்கும்போது, அவை முதலில் அங்கே வந்தது பகல் வெளிச்சத்தில், காப்பாற்றும் பணியாக என்பதை மறக்கக் கூடாது.

அடுத்த படி, 1918 ஜூன் 1ஆம் தேதி லெனின் கையெழுத்திட்ட ஆவணக்காப்பு ஆணை. ஒவ்வொரு அமைச்சகமும் தன் பழைய கோப்புகளைத் தன் சொத்தாக வைத்திருந்த முறையை அது ஒழித்தது. எல்லாம் சேர்ந்து ஒரே "அரசு ஆவணத் தொகுப்பு" ஆயின. போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த 1917 அக்டோபர் 25 வரை முடிந்த கோப்புகள் அனைத்தும் அதில் சேரும் என்றும், ஆவணத் தலைமை நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் எந்த அலுவலகமும் ஒரு கோப்பைக்கூட அழிக்கக் கூடாது என்றும் ஆணை சொன்னது. முதல் தலைவர் தவீத் ரியாசனவ், பழுத்த மார்க்சிய அறிஞர். இந்த யோசனை போல்ஷெவிக்குகளின் மூளையில் உதித்ததும் அல்ல. ஜார் காலத்து ஆவணக்காப்பாளர்களே பல பத்தாண்டுகளாகக் கேட்டது அது. 1917 வசந்தத்தில் உருவான ஆவணப் பணியாளர் சங்கத்துக்கு லாப்போ-தனிலேவ்ஸ்கி என்ற பெரிய வரலாற்றறிஞர் தலைவராக இருந்தார். அந்தச் சங்கத்தார் ரியாசனவோடு சேர்ந்து வேலை செய்தார்கள்.

முடியாட்சியை விரும்பிய பிளாத்தோனவ் போன்ற ஒருவர் ஏன் சோவியத் ஆவணத்துறையில் சேர்ந்தார் என்று இன்றைக்கும் சிலர் ஆச்சரியப்படுவார்கள். காகிதப் பஞ்சம் ஒரு காரணம். உள்நாட்டுப் போரின் குளிர்காலங்களில் பழைய கோப்புகள் அடுப்புக்குப் போயின, பொட்டலம் மடிக்கப் போயின, எழுதாத பின்பக்கத்துக்காகப் புதிய அலுவலகங்களுக்குப் போயின. அழிக்கத் தடை போட்ட ஆணையை அமல்படுத்த ஆள் தேவைப்பட்டது. பிளாத்தோனவ் 1918 முதல் 1923 வரை பெத்ரோகிராட் கிளையை நடத்தினார். புதியவர்களுக்குப் பழைய கையெழுத்து வாசிக்கவும் கோப்புகளை வரிசைப்படுத்தவும் கற்றுத்தரும் வகுப்புகள் அங்கே தொடங்கின. லாப்போ-தனிலேவ்ஸ்கி 1919இலேயே இறந்துபோனார். பசியும் குளிரும் நோயும் அந்தத் தலைமுறை அறிஞர்களைக் கொத்தாகக் கொண்டுபோன ஆண்டுகள் அவை.

அந்தப் பணியில் கெட்டுப்போனது என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய ஆய்வாளர் அதன் விளைவோடுதான் மல்லுக்கட்டுகிறார். ஆவணக்காப்பின் அடிப்படை விதி, ஒரு அலுவலகத்தில் உருவான கோப்புகளை அந்த அலுவலகத்தின் வரிசையிலேயே வைத்திருப்பது. ஒரு தாளின் பொருள் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் தாள்களில் பாதி இருக்கிறது. அவசர அவசரமாக வண்டியில் ஏற்றி, காலியாக இருந்த மாளிகையில் இறக்கி, கட்டு அவிழ்ந்துபோனால் அந்த வரிசை போயிற்று. இது விபத்து. வேண்டுமென்றே நடந்தது வேறொன்று: புரட்சி இயக்கம் பற்றிய தாள்களை மட்டும் பல அலுவலகங்களின் கோப்புகளிலிருந்து பிரித்தெடுத்து, பொருள்வாரியாகப் புதிய சேர்க்கைகள் அமைத்தார்கள். படிப்பவருக்கு வசதிதான். ஆனால் அந்தத் தாள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போயிற்று என்ற தடம் அறுந்துபோகிறது. இரண்டில் இரண்டாவதே பெரிய சேதம் என்பது என் கணிப்பு. விபத்தில் சிதறியதை எண்களை வைத்து ஒட்டலாம், பிரித்தெடுத்ததை ஒட்டுவது கடினம்.

1920இல் ரியாசனவின் இடத்துக்கு போல்ஷெவிக் வரலாற்றாசிரியர் மிகயீல் போக்ரோவ்ஸ்கி வந்தார். 1922இல் ஆவணத்துறை கல்வி கமிசாரகத்திலிருந்து (அன்றைய அமைச்சகம்) பிரிந்து, ஆட்சியின் உச்ச அமைப்பான மத்திய செயற்குழுவின் கீழ் போயிற்று. அதே ஆண்டு "கிராஸ்னி அர்ஹீவ்", அதாவது "சிவப்பு ஆவணம்", என்ற இதழ் தொடங்கியது. 1941 வரை 106 இதழ்கள் வந்தன. ஜார் அரசின் ரகசிய ராஜதந்திரக் கடிதங்கள், போலீஸ் அறிக்கைகள், நாட்குறிப்புகள் என்று இன்றும் பயன்படும் சரக்கு அதில் கொட்டிக் கிடக்கிறது. அதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு: அச்சிட்ட வாசகம் பெரும்பாலும் மூலத்தோடு ஒத்துப்போகிறது. எதை அச்சிடுவது என்ற தேர்வுதான் அரசியல். பழைய ஆட்சியை அம்பலப்படுத்துவது வந்தது, அம்பலப்படுத்தாதது கட்டிலேயே இருந்தது. ஆகவே அந்த இதழிலிருந்து மேற்கோள் எடுக்கும்போது ஒற்றைக் கடிதத்தை நம்பலாம். பத்துக் கடிதங்களை வைத்து ஒரு கொள்கையின் போக்கைத் தீர்மானிக்கக் கூடாது.

போக்ரோவ்ஸ்கியின் பார்வையில் ஆவணம் என்பது வர்க்கப் போரின் ஆயுதம். அந்தப் பார்வை வெறும் கட்டுரையோடு நிற்கவில்லை. ஆவணத்துறைக்குள் அரசியல் பிரிவு ஒன்று இயங்கியது. பழைய போலீஸ் கோப்புகளிலிருந்து முன்னாள் உளவாளிகள், அதிகாரிகள், எதிரிக் கட்சிக்காரர்கள் ஆகியோரின் பெயர்களைத் தேடியெடுத்து ரகசியப் போலீசுக்குத் தருவது அதன் வேலைகளில் ஒன்று. 1923இல் இன்னொரு ஆணை வந்தது: புரட்சிக்கு எதிராகச் செயல்பட்டவர்களின் ஆவணங்களும், 1917க்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களின் ஆவணங்களும் மத்திய ஆவணத்துறையில் சேர வேண்டும். "ஒளித்தாரா" என்ற கேள்வி இங்கேதான் முளைக்கிறது. இந்த ஆணையை அப்படியே எடுத்துக்கொண்டால், அகாதமி வைத்திருந்த சில காகிதங்கள் அங்கே இருந்திருக்கக் கூடாது.

மறுபக்கத்தைப் பார்ப்போம். அகாதமி ஒரு சாதாரண அரசு அலுவலகம் அல்ல. அது பேதுரு மன்னர் காலத்து நிறுவனம், தனக்கென்று கையெழுத்துப் பிரதிகள் துறையும் நூலகமும் கொண்டது, அறிஞர்களின் குடும்பங்கள் நம்பிக் கொடுத்த காகிதங்களை ஏற்று வைக்கும் இடம். பிளாத்தோனவ் 1925இல் புஷ்கின் இல்லத்துக்கும் அகாதமி நூலகத்துக்கும் இயக்குநரானபோது, போலீஸ் காகிதங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தன. எழுத்தாளரின் கடிதம், தளபதியின் குறிப்பேடு, கட்சிக் குழுவின் பதிவு என்று எல்லாம் கலந்து கிடந்த அறைகள் அவை. கொடுத்தவரின் நிபந்தனைக்கு உட்பட்டுச் சிலவற்றை மூடி வைப்பது உலகெங்கும் காப்பகங்களில் உள்ள வழக்கம். எனவே சட்டத்தின் எழுத்துப்படி ஒரு மீறல் இருந்தது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அதை நிறுவனங்களுக்கு இடையிலான சொத்துத் தகராறு என்றே நான் பார்க்கிறேன். ஆவணத்துறை அனுப்ப வேண்டிய நினைவூட்டல் கடிதத்தோடு அது தீர்ந்திருக்க வேண்டியது.

உண்மையான ஒளிப்புக்கு உதாரணம் வேண்டுமென்றால் பாரிசைப் பாருங்கள். ஜார் ரகசியப் போலீசின் வெளிநாட்டுப் பிரிவு அங்கே இருந்தது. 1917க்குப் பின், ஜாரை அடுத்து வந்த தற்காலிக அரசின் தூதராக இருந்த வசீலி மக்லாகவ் அதன் ஆவணங்களை எரித்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எரிக்கவில்லை. 16 பெட்டிகளில் அடைத்து, 1926இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஹூவர் நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். தான் உயிரோடு இருக்கும் வரை திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவர் இறந்த 1957இல்தான் பெட்டிகள் திறந்தன. பொய்ச் சான்று, கடத்தல், முத்திரையிட்ட பெட்டி என்று எல்லாம் இருக்கிறது பாருங்கள். அகாதமியில் பொய்ச் சான்றும் இல்லை, கடத்தலும் இல்லை.

அப்படியானால் 1929இல் ஏன் வெடித்தது? காரணம் காகிதங்களில் இல்லை, தேர்தலில் இருந்தது. அகாதமியில் கட்சிக்காரர்களை நுழைக்க அரசு உறுப்பினர் இடங்களைக் கூட்டிக்கொண்டே வந்தது: 1927இல் 70 ஆக்கியது, 1928இல் 85. 1929 ஜனவரி 12ஆம் தேதி நடந்த ரகசிய வாக்கெடுப்பில் கட்சி நிறுத்திய மூவர் தோற்றார்கள்: தத்துவத் துறையின் திபோரின், இலக்கிய ஆய்வாளர் ஃபிரீச்சே, வரலாற்றாசிரியர் லூக்கின். மிரட்டலுக்குப் பணிந்து பிப்ரவரியில் மறுவாக்கெடுப்பு நடத்தி மூவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அவமானம் மறக்கப்படவில்லை. அந்தக் கோடையிலேயே யூரி ஃபிகாட்னர் தலைமையில் "தூய்மைப்படுத்தும்" குழு வந்து உட்கார்ந்தது. ஆண்டு முடிவதற்குள் 960 நிரந்தர ஊழியர்களில் 128 பேரும், 830 கூடுதல் ஊழியர்களில் 520 பேரும் வேலை இழந்தார்கள். அக்டோபரில் ஆவணங்கள் "அகப்பட்டன": நிக்கலாய், அவர் தம்பி மிகயீல் இருவரும் அரியணையைத் துறந்த பத்திரங்கள், போலீஸ் துறைக் காகிதங்கள், தாராளவாதிகளின் கதேத் கட்சி, சோசலிஸ்ட் புரட்சியாளர் கட்சி ஆகியவற்றின் ஆவணங்கள். அகாதமியின் நிரந்தரச் செயலர் ஓல்தென்புர்க் பதவி நீக்கப்பட்டார். 1930 ஜனவரி 12ஆம் தேதி பிளாத்தோனவ் கைது. தோல்வியடைந்த தேர்தலுக்குச் சரியாக ஓர் ஆண்டு. அந்தத் தேதி ஒற்றுமையில் நான் எதையும் ஏற்றிச் சொல்லவில்லை, ஆனால் நிகழ்வுகளின் வரிசையைக் கவனியுங்கள்: குழு முதலில் வந்தது, குற்றம் பிறகு கிடைத்தது.

கைதான பிறகு குற்றச்சாட்டு உருமாறிய விதம் இன்னும் தெளிவாகப் பேசும். முதலில் பேச்சு காகிதங்களைப் பற்றி. சில மாதங்களில் அது "சுதந்திர ரஷ்யாவின் மறுபிறப்புக்கான அனைத்து மக்கள் போராட்டச் சங்கம்" என்ற ரகசிய அமைப்பாக வளர்ந்தது. அதன் வருங்கால அமைச்சரவையில் பிளாத்தோனவ் பிரதமர், நெப்போலியன் கால ஆய்வாளர் தார்லே வெளியுறவு அமைச்சர். அப்போது பிளாத்தோனவுக்கு 69 வயது. 1928 ஜூலையில் பெர்லினில் நடந்த சோவியத் வரலாற்றாசிரியர் வாரத்துக்கு அவர் போய்வந்தது வெளிநாட்டுத் தொடர்புக்கு ஆதாரமாயிற்று. அதே குழுவில் போக்ரோவ்ஸ்கியும் போயிருந்தார். மொத்தம் 115 பேர் இந்த வழக்கில் சிக்கினார்கள். பாப்பிரஸும் முத்திரைகளும் சேகரித்த நிக்கலாய் லிகச்சோவ், மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் மத்வேய் லியுபாவ்ஸ்கி, யூரி கோத்யே, செர்கேய் பக்ரூஷின் ஆகியோர் அவர்களில் சிலர். திறந்த நீதிமன்றம் கூடவே இல்லை. 1931 ஆகஸ்ட் 8ஆம் தேதி ரகசியப் போலீசின் உயர்குழு, மூடிய அறையில், முக்கியமானவர்களுக்கு 5 ஆண்டு உள்நாட்டு நாடுகடத்தல் விதித்தது. அதே வழக்கில் சேர்க்கப்பட்ட முன்னாள் ராணுவ அதிகாரிகள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிளாத்தோனவ் 1933 ஜனவரி 10இல் சமாராவில் இறந்தார். லியுபாவ்ஸ்கி ஊஃபாவில் பஷ்கீர் மக்களின் நில வரலாற்றை எழுதிக்கொண்டே 1936இல் இறந்தார். 1967இல் சோவியத் உச்ச நீதிமன்றத்தின் ராணுவப் பிரிவே வழக்கை மறுபரிசீலித்து, குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று ரத்துச் செய்தது. சதி இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம், நூற்றுக்கு மேற்பட்டோர் சிக்கிய "அமைப்பு" ஒன்றின் இருப்பை வாக்குமூலங்களைத் தவிர வேறெதுவும் காட்டவில்லை. துண்டறிக்கை, ஆயுதம், பணம், சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கடிதம் என்று எதுவும் இல்லை.

இனி, அவர் எழுதிக் கொடுத்த தாள். இப்படிப்பட்ட விசாரணைக் கோப்பைக் கையில் எடுத்ததும் பெரும்பாலானோர் செய்யும் தவறு, கடைசி வாக்குமூலத்திலிருந்து தொடங்குவது. அது நீளமானது, கோர்வையானது, எல்லாவற்றையும் சொல்வது போல் இருக்கும். தேதி வரிசையில் முதலிலிருந்து வாருங்கள். ஒரு தாளில் ஒவ்வொரு விசாரணையின் தேதி, எழுதியது யார் கை, என்ன பொருள் என்று மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இடைவெளிகளைப் பாருங்கள். இரண்டு பதிவுகளுக்கு நடுவில் மூன்று வாரம் எதுவுமில்லை, அதன் பின் வரும் பதிவில் தொனியே மாறியிருக்கிறது என்றால், பதிவாகாத ஏதோ ஒன்று அந்த மூன்று வாரத்தில் நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று கோப்பு சொல்லாது. தூக்கமில்லாமல் வைத்தார்களா, குடும்பத்தைக் காட்டி மிரட்டினார்களா என்பதற்கெல்லாம் விசாரணைக் கோப்பில் தாள் இருக்காது. அதை நினைவுக் குறிப்புகளும் பிற்கால மறுவிசாரணைப் பதிவுகளும்தான் நிரப்ப முடியும்.

அடுத்தது சொற்கள். 1880களில் படித்து வளர்ந்த ஒரு பேராசிரியர் தன் அரசியலைப் பற்றி எழுதும்போது எந்தச் சொற்களைப் பயன்படுத்துவார் என்பதை அவருடைய கடிதங்களில் பழகிக்கொள்ளுங்கள். பிறகு வாக்குமூலத்தில் "எதிர்ப்புரட்சி அமைப்பு", "குழுவின் தலைமை", "வெளித்தலையீட்டுக்கு நம்பியிருந்தோம்" என்ற சொற்றொடர்கள் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன என்று அடிக்கோடிடுங்கள். அதே சொற்றொடர் அதே வாரத்தில் இன்னொரு கைதியின் தாளிலும் அச்சுப் பிசகாமல் வந்தால், அது விசாரணை அதிகாரியின் மேசையிலிருந்து இருவருக்கும் போனது. கையெழுத்து கைதியுடையதாக இருப்பது இதை மாற்றாது. சொந்தக் கையால் எழுத வைப்பது அந்தக் காலத்து விசாரணையின் வழக்கமான முறை. தட்டச்சுப் பிரதியை விட அது மதிப்பாகத் தெரியும் என்பதற்காகவே எழுத வைத்தார்கள்.

அதற்காகக் கோப்பு முழுவதையும் தூக்கிப் போடுவதும் தவறு. பிளாத்தோனவ் தொடக்க விசாரணைகளில், தான் கொள்கையளவில் முடியாட்சியை ஆதரிப்பவர் என்று மறைக்காமல் சொன்னார். அமைப்பு எதிலும் இருந்ததில்லை என்று அதே மூச்சில் மறுத்தார். இது நம்பத் தகுந்தது, ஏனென்றால் முதல் பாதி அவருக்கே பாதகமானது, அவர் யாரென்று மற்ற இடங்களில் தெரிவதோடும் ஒத்துப்போகிறது. அதேபோல், யார் யார் வீட்டில் எப்போது கூடினார்கள், எந்தப் புத்தகம் பேசப்பட்டது போன்ற விவரங்கள் பெரும்பாலும் உண்மையாக இருக்கும். தேநீர் விருந்து உண்மை, அதற்குச் சூட்டிய "இயக்கக் கூட்டம்" என்ற பெயர்தான் பொய். விசாரணை அதிகாரிகள் ஒன்றுமில்லாததிலிருந்து கதை கட்டவில்லை, இருந்ததற்கு வேறு பெயர் வைத்தார்கள். ஆகவே பெயர்ச்சொற்களையும் தேதிகளையும் எடுத்துக்கொண்டு, நோக்கத்தைச் சொல்லும் வினைச்சொற்களைத் தனியே ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம்.

கோப்பு என்ற பொருளையே, தாளும் நூலும் பசையுமாக, சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ரஷ்யக் காப்பகங்களில் ஓர் ஆவணத்தின் முகவரி நான்கு படி: ஃபோண்ட், ஓபிஸ், தேலோ, லிஸ்ட். நம் சொல்லில் தொகுதி, பட்டியல், கோப்பு, தாள். "லிஸ்ட்" என்பது பக்கம் அல்ல, தாள். பின்பக்கத்தைக் குறிக்கத் தனிக் குறி உண்டு. இதைத் தவறவிட்டு மேற்கோள் காட்டினால் அடுத்தவர் தேடி அலைவார். தாள் எண்ணைப் பென்சிலால் வலது மேல் மூலையில் எழுதுவார்கள். கோப்பின் கடைசியில் ஒரு சான்றுத் தாள் இருக்கும், மொத்தம் எத்தனை தாள் என்பது அதில் எண்ணிலும் எழுத்திலும் இருக்கும். முதல் வேலை, அதையும் கையிலுள்ள தாள்களையும் ஒப்பிட்டு எண்ணுவது. எண் அடித்துத் திருத்தப்பட்டிருந்தால் உடனே "தாளை உருவிவிட்டார்கள்" என்று கூவ வேண்டாம். கோப்பு மறுபடி தைக்கப்படும்போது எண் மாறுவது சாதாரணம். பழைய எண் வரிசை, புதிய எண் வரிசை இரண்டிலும் ஒரே இடத்தில் துளை விழுந்தால் சந்தேகப்படலாம். பழைய எண் மட்டும் தாவினால், வேறொரு கோப்புக்குத் தாள் போயிருக்கக்கூடும். காப்பகத்தின் பெயரும் தொகுதி எண்ணும் பலமுறை மாறியிருப்பதால், 1920களின் புத்தகத்தில் உள்ள அடிக்குறிப்பை வைத்துக்கொண்டு இன்று கோப்பு கேட்க முடியாது. பழைய எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்தும் அட்டவணையை முதலில் கேட்க வேண்டும்.

நீங்கள் கேட்ட முடிதுறந்த பத்திரமே இதற்கு நல்ல பாடம். இன்று அது மாஸ்கோவில் ரஷ்யக் கூட்டரசின் அரசு ஆவணக்காப்பகத்தில், 601ஆம் தொகுதியில், அதாவது நிக்கலாயின் சொந்தத் தொகுதியில் இருக்கிறது. தட்டச்சு செய்த தாள், மன்னரின் கையெழுத்து பென்சிலில், பக்கத்தில் அரண்மனை அமைச்சர் ஃபிரெதெரிக்ஸின் ஒப்பம். அதில் குறித்த நேரம் 1917 மார்ச் 2, பிற்பகல் 3 மணி 5 நிமிடம். ஆனால் கையெழுத்தானது அன்று நள்ளிரவை நெருங்கும் நேரத்தில். டூமா என்ற நாடாளுமன்றத்திலிருந்து வந்த பிரதிநிதிகளின் வற்புறுத்தலால் முடிதுறந்தார் என்று தோன்றக் கூடாது என்பதற்காக, பிற்பகலில் முடிவெடுத்த நேரத்தையே போட்டார்கள். தாள் அசல், கையெழுத்து அசல், நேரம் மட்டும் நடந்ததைக் காட்டவில்லை. ஓர் அசல் தாளுக்குள்ளேயே இப்படி இருக்குமானால், சிறையில் எழுதிய தாளில் கையெழுத்து அசலாக இருப்பதை மட்டும் வைத்து உள்ளடக்கத்தை நம்புவது எப்படி? இன்னொன்று: மார்ச் 2 என்பது பழைய நாட்காட்டி, இன்றைய கணக்கில் மார்ச் 15. ரஷ்யாவில் 1918 ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆயிற்று. அதற்கு முந்தைய 20ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 13 நாள் கூட்ட வேண்டும், 19ஆம் நூற்றாண்டுக்கு 12.

இதெல்லாம் பழைய ஆட்சியின் ஆட்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்கவும் வேண்டாம். ஆவணத்துறையின் முதல் தலைவர் ரியாசனவ் பிற்பாடு மார்க்ஸ்–எங்கெல்ஸ் நிலையத்தை உருவாக்கி, ஐரோப்பா முழுக்க அவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் தேடிப் படமெடுத்துவந்து பதிப்பித்தவர். 1931 பிப்ரவரியில் அவரும் கைதானார். நிலைய ஊழியர் ரூபின் காவலில் இருந்தபோது, போல்ஷெவிக்குகளின் எதிரணியான மென்ஷெவிக்குகளின் ஆவணங்கள் அடங்கிய முத்திரையிட்ட உறை ஒன்றை அவரிடம் கொடுத்துவைத்ததாகச் சொன்னார். ரியாசனவ் மறுத்தார். மறுபடியும் "ஒளித்த காகிதம்" என்ற அதே அச்சு! சராத்தவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1938 ஜனவரி 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு காப்பகக்காரரை வீழ்த்த மிக எளிய குற்றச்சாட்டு அதுதான், ஏனென்றால் அவர் அறையில் எப்போதும் காகிதம் இருக்கும்.

1931இன் இறுதியில் ஸ்டாலின் "புரொலித்தார்ஸ்கயா ரெவல்யூத்சியா" இதழுக்கு எழுதிய கடிதத்தோடு, ஆவணங்களை நம்புவோரைச் சந்தேகிப்பது வெளிப்படையான கொள்கை ஆயிற்று. ஸ்லூத்ஸ்கி என்ற வரலாற்றாசிரியர், முதல் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியைப் பற்றி லெனினின் மதிப்பீடு சரியாக இருந்ததா என்று ஆவணங்களை வைத்து விவாதித்திருந்தார். காகித ஆவணங்களை மட்டும் நம்புபவர்களை அந்தக் கடிதம் "ஆவணக்காப்பக எலிகள்" என்று ஏசியது. கட்சிகளையும் தலைவர்களையும் செயலால் எடைபோட வேண்டுமாம். கேட்க நியாயமாகத் தோன்றும் வாக்கியம். ஆனால் செயல் எது என்று தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருந்தது என்பதை யோசித்தால் அதன் கனம் புரியும். 1938 ஏப்ரலில் ஆவணக்காப்பகங்கள் அனைத்தும் உள்துறை கமிசாரகமான என்கேவிடியின் கீழ் போயின. 1960 வரை போலீஸ் துறையே நாட்டின் ஆவணங்களுக்கும் காவலாக இருந்தது.

எந்த வரிசையில் வாசிக்கலாம் என்று ஒரு யோசனை. விசாரணைக் கோப்புகள் 1993 முதல் தொகுதிகளாக அச்சில் வருகின்றன, முதல் தொகுதி பிளாத்தோனவ், 1998இல் வந்த இரண்டாவது தார்லே. ரஷ்ய மொழி தெரிந்தாலும் அவற்றில் தொடங்காதீர்கள். முதலில் விசாரணை அதிகாரி யாரும் எதிரில் இல்லாதபோது இவர்கள் எழுதியதைப் படியுங்கள். மாஸ்கோவின் ருமியான்த்சவ் நூலகத்தில் வேலை பார்த்த கோத்யே 1917 ஜூலை முதல் 1922 ஜூலை வரை ரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். பயந்துபோய் அதை ஃபிராங்க் கோல்டர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் கையில் கொடுத்தனுப்பினார். ஸ்டான்ஃபோர்டில் எழுதியவர் பெயர் தெரியாமல் கிடந்து 1982இல் அடையாளம் காணப்பட்டு, 1988இல் ஆங்கிலத்திலும் வந்தது. புதிய ஆட்சியின் மேல் கசப்பு அதில் நிறைய இருக்கிறது, பசி இருக்கிறது, நூலகத்தில் விறகு இல்லாத கவலை இருக்கிறது. அதற்குப் பிறகு பிளாத்தோனவின் சொந்தக் காகிதங்கள்: அவை சென் பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள் துறையில் 585ஆம் தொகுதியாக இருக்கின்றன, அவருடைய கடிதங்களில் பல அச்சிலும் வந்துள்ளன. அவர் எப்படி வாக்கியம் அமைப்பார் என்பது காதில் பழகிய பிறகு வாக்குமூலத்தைத் திறந்தால், எந்த வரி அவருடையது, எந்த வரி எதிரில் உட்கார்ந்திருந்தவருடையது என்று பல இடங்களில் நீங்களே கோடு போட்டுவிடுவீர்கள்.